ரெண்டு மாயாவியும் ஒரே ஆள் இல்லீங்க, எடிட்டர் சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பர்ல பழைய தமிழ் காமிக்ஸ் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. நம்ம விசயத்தக்கூட ஒருத்தர் எழுதறாங்களேன்னு டீய ஆற விட்டுட்டு படிச்சேன், சந்தோசம். ஆனா அதுல ரெண்டு தப்பு இருக்கு. ஒண்ணு உங்களுக்கு சின்னதா தெரியும், எங்களுக்கு பெருசு. இன்னொண்ணு நீங்க வேணும்னு பண்ணாதது, ஆனா எங்க வயித்துலதான் அடிச்சிருக்கு.

மொத தப்பு படம். கீழ "இரும்புக்கை மாயாவி"ன்னு எழுத்து, மேல இருக்கறது வேதாளர். உடம்பு பூரா ஒட்டுன டிரஸ்ஸு, கண்ணுக்கு முகமூடி, இடுப்புல ரெண்டு துப்பாக்கி, பக்கத்துல ஓநாய் வேற நிக்குது. இரும்புக்கை எங்கீங்க இருக்கு அதுல? எங்க காமிக்ஸ் வாசகர் குரூப்புல காலைல ஏழு மணிக்கெல்லாம் ஒருத்தர் அந்தப் படத்தப் போட்டு செவப்பு வட்டம் போட்டுட்டார், அப்பறம் சாயங்காலம் வரைக்கும் அதே பேச்சுதான், ஒருத்தரும் பட்டறைல வேல பாக்கல.

இந்தக் குழப்பம் ஏன் வருதுன்னு எனக்கு தெரியும், அதனால உங்க நிருபர் மேல கோவம் இல்ல. வேதாளர் அமெரிக்காக்காரர், லீ ஃபாக் 1936ல ஆரம்பிச்ச ஃபேண்டம், முத்து காமிக்ஸ்ல வேதாளர்னு வந்தார், அதே ஆள் ராணி காமிக்ஸ்ல வரும்போது முகமூடி வீரர் மாயாவின்னு ஆயிட்டார். ராணி படிச்சு வளந்தவன்கிட்ட மாயாவின்னா குதிர மேல வர்ற ஆளு. முத்து படிச்சவன்கிட்ட மாயாவின்னா லூயிஸ் கிராண்டேல், இங்கிலாந்துக்காரர், லேப்ல அசிஸ்டென்டா இருந்து ஒரு விபத்துல வலது கை போயி இரும்புக் கை மாட்டிக்கிட்டவர், உடம்புல கரண்டு பாஞ்சா ஆளு மறைஞ்சிருவார், கை மட்டும் அந்தரத்துல தெரியும். இங்கிலாந்துல வேலியன்ட்னு ஒரு வாரப் பத்திரிகைல 1962ல வந்த கத அது, படம் வரைஞ்சவர் ஸ்பெயின்காரர். மொதல்ல அந்தாளு திருடன், அப்பறந்தான் நல்லவனா மாறி உளவாளி ஆகறார், இது நெறைய பேருக்கு தெரியாது. முத்து காமிக்ஸ் 1972ல சிவகாசிலருந்து வந்தப்ப மொத புக்கே இவர்தான். நான் பொறக்கறதுக்கு முன்னாடி. எங்க மாமா டிரங்கு பெட்டிக்குள்ளருந்து எனக்கு சொத்து மாதிரி வந்துச்சு, அட்ட இல்லாம.

இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. ரெண்டாவது படிக்கறப்ப எங்க தெருப் பசங்க எல்லாரும், அந்த இரும்புக்கைய நம்ம சேலம் ஸ்டீல் பிளான்ட்லதான் செஞ்சாங்கன்னு நம்பிக்கிட்டிருந்தோம். அப்பதான் பிளான்ட்டு ஓட ஆரம்பிச்ச புதுசு, ஊரெல்லாம் துருப்பிடிக்காத எவர்சில்வர்னு அதே பேச்சு. மாயாவி கை துருப்பிடிக்கறதே இல்ல, அப்ப வேற எங்க செஞ்சிருப்பாங்கன்னு ஒருத்தன் கேட்டான், யாராலயும் பதில் சொல்ல முடியல.

ரெண்டாவது தப்புக்கு வர்றேன். "ஒரு பழைய காமிக்ஸ் பத்தாயிரம் ரூபாய்!"னு கொட்ட எழுத்துல தலைப்பு போட்டீங்க பாருங்க. யாரோ ஒருத்தர் கேட்ட வெல அது, யாராவது அந்த வெலைக்கு வாங்கினாங்களான்னு உங்க நிருபர் கேக்கல. ஆனா அத எங்க ஏரியா பழைய பேப்பர் கடைக்காரர் படிச்சுட்டார். பதினஞ்சு வருசமா எனக்கு தெரிஞ்ச மனுசன், வாரத்துக்கு ஒருக்கா போவேன், கட்டப் பிரிச்சுப் பாத்து நாலு புக்கு எடுத்துட்டு நூறு ரூவா குடுப்பேன், "எடுத்துக்கண்ணா, கெடக்கட்டும்"பார். திங்கக்கெழம போறேன், கட்டுக்கு மேல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கார். தொடாதீங்கண்ணா, பேப்பர்ல வெல போட்டிருக்கான், பத்தாயிரமாம்ன்றார். கடைசில ஒரு பாலமித்ராவ, அதாங்க சின்னப் பசங்க கதப் பத்திரிக, அதக் காட்டி, அதுவும் நடுப்பக்கம் இல்லாதது, ஐநூறு கேக்கறார் சார். பாலமித்ரா காமிக்ஸே இல்லன்னு சொன்னேன், "படம் இருக்குல்ல?"ன்றார். இதுக்கு நான் என்னத்த சொல்றது.

நான் யாருன்னு சொல்லாமயே பேசிக்கிட்டிருக்கேன். செவ்வாய்ப்பேட்டைல கொலுசு பட்டறை வச்சிருக்கேன், அப்பா காலத்துலருந்து இதே வேலதான். 1984ல நான் அஞ்சாங்கிளாஸு. அந்த வருசம் ஜூலை மாசத்த எங்கள மாதிரி ஆளுங்க எவனும் மறக்க மாட்டான், ஒரே மாசத்துல லயன் காமிக்ஸும் வந்துச்சு, ராணி காமிக்ஸும் வந்துச்சு. லயன் மாடஸ்டிங்கற சாகசக்காரியோட வந்துச்சு, ராணி ஜேம்ஸ்பாண்டோட. ராணி ஒண்ணார்ருவா. வீட்டுல ஒண்ணார்ருவா கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க, பென்சில் டப்பாவுக்குன்னு சொல்லுவேன், அந்த வருசம் மட்டும் நான் எத்தன பென்சில் டப்பா தொலைச்சிருக்கேன்னு எங்கம்மா இன்னிக்கும் கணக்கு சொல்லுவாங்க.

சொந்தமா வாங்குனது கொஞ்சம், வாடகைக்கு படிச்சதுதான் அதிகம். எங்க தெருமொனைல ஒரு வாடக லைப்ரரி இருந்துச்சு, ஒரு நாளைக்கு இருவத்தஞ்சு பைசா. எடுத்துட்டு வந்தா ஒரு புக்குக்கு மேல மூணு தல குனிஞ்சிருக்கும், நானு, அத்த மவன், பக்கத்து வீட்டு தறிக்காரர் பையன். அத்த மவன் சர்ருன்னு படிச்சுருவான், பக்கத்த திருப்புடான்னு கைய தட்டுவான், தறிக்காரர் பையன் எழுத்துக்கூட்டிப் படிக்கறவன், அவன் முடிக்கற வரைக்கும் நாங்க படத்தையே பாத்துக்கிட்டிருக்கணும். அப்ப எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா அவன் மெதுவா படிச்சதாலதான் சார் நான் படத்த பாக்கக் கத்துக்கிட்டேன். மூலைல ஒரு நாய் நிக்கறது, கதவிடுக்குல துப்பாக்கி மொன தெரியறது, இதெல்லாம். இரும்புக்கை மாயாவி கதைல ரெண்டு மூணு பக்கத்துக்கு ஒருக்கா ஒரு கண்டத்துல மாட்டுவார் கவனிச்சிருக்கீங்களா, தண்ணிக்குள்ள விழுவார், கட்டடம் இடியும். அது ஏன்னா இங்கிலாந்துல வாராவாரம் ரெண்டு மூணு பக்கந்தான் வந்துச்சு, ஒவ்வொரு வாரமும் "ஐயோ அப்பறம்?"னு நிறுத்தியாகணும், நமக்கு அத எல்லாம் ஒண்ணா கோத்து ஒரே புக்கா குடுத்தாங்க. அதனாலதான் நம்மூரு வாசகனுக்கு மூச்சு விட நேரமே இல்லாம போச்சு.

படத்த மாத்திப் போட்டதுக்கு ஏன் இவ்வளவு கோவப்படறேன்னா, வேதாளர் மோதிரத்தால நான் அடி வாங்கியிருக்கேன். அவருக்கு ரெண்டு மோதிரம். வலது கைல மண்டையோடு, குத்து விட்டா தாடைல முத்திரை விழும், போகவே போகாது. இடது கைல நல்ல முத்திரை, அது விழுந்தவனுக்கு அவர் காவல். ஏழாவது படிக்கறப்ப எங்க பட்டறைலயே மண்டையோட்டு மோதிரம் செய்யணும்னு ஆச வந்துச்சு. அரத்துல ராவுன வெள்ளித்தூள் ஒரு டப்பால சேரும், மாசக்கடைசில அத உருக்குவாங்க. அதுலருந்து தெனமும் ஒரு சிட்டிக எடுத்து தீப்பெட்டில சேத்தேன், அப்பறம் அப்பா சாப்பாட்டுக்குப் போன நேரத்துல உருக்கி, ஆணியால கண்ணு ரெண்டு, பல்லு வரிச கொத்தி, மோதிரம்னு ஒண்ணு பண்ணிட்டேன். மண்டையோடு மாதிரி இல்ல, பணியாரம் மாதிரி இருந்துச்சு. ஆனாலும் மறுநாள் பள்ளிக்கூடத்துல நாந்தான் ராஜா. நாலு பேரு தாடைய காட்டுனானுங்க, மையில தொட்டு குத்தி விட்டேன். தறிக்காரர் பையன் மட்டும் எனக்கு அது வேணாம், நல்ல முத்திரைதான் வேணும்னு அழுதான், அது செய்யறதுக்கு வெள்ளி இல்லடான்னு சொன்னேன். மாசக்கடைசில அப்பா எட போட்டாரு, நாலு கிராம் கொறஞ்சுது. அப்பறம் என்ன, எனக்கும் முத்திரை விழுந்துச்சு, முதுகுல. மோதிரம் உருகி எவங்க வீட்டு கொலுசுலயோ போயிருச்சு.

சரி, சேகரிப்பு விசயம். உங்க கட்டுரைல பழசுன்னா வெல அதிகம்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டீங்க. அப்படி இல்லீங்க. நாங்க ஒரு புக்க கைல எடுத்தா மொதல்ல பின்னாடி அட்டையத்தான் பாப்போம், அடுத்து நடுப்பக்கம், அடுத்து பின்னு. பின்னுல துரு ஏறியிருந்தா பக்கத்துல காவி கலர்ல எறங்கியிருக்கும், அந்த எடத்துல தாளு சுண்டுனாலே கிழியும். சில பேரு செலோடேப்ப ஒட்டி வச்சிருப்பாங்க, அதுதான் கொடும, பத்து வருசத்துல டேப்பு கழண்டு விழும், பச மட்டும் தேன் கலர்ல தாளுக்குள்ள எறங்கி உக்காந்துக்கும். லேமினேசன் பண்ணவரையும் பாத்திருக்கேன், அத பத்தி பேசவே வேணாம். துருப்புடிச்ச பின்ன மெதுவா நிமித்தி உருவிட்டு பருத்தி நூல்ல தச்சு வச்சுருங்க, அவ்வளவுதான். அந்தக் காலத்து தாளு நியூஸ்பிரின்ட்டு, மரக்கூழு, வெயிலும் காத்தும் பட்டா பழுப்பாகத்தான் செய்யும், அதுக்கு மருந்து இல்ல, இருட்டுல வைக்கறதுதான் ஒரே வழி. ராமபாணப் பூச்சிக்கு வசம்பு துணில முடிஞ்சு போட்டா கொஞ்சம் கேக்கும். அப்பறம் கடைசிப் பக்கத்துல "அடுத்த வெளியீடு" விளம்பரம், எடிட்டரோட ஹாட்லைன் பக்கம், வாசகர் கடிதம், இதெல்லாம் இருக்கணும். கதய மறுபதிப்புல படிச்சுக்கலாம், அந்தப் பக்கங்கள எங்க போயி படிப்பீங்க. ஒரு பழைய புக்குல பென்சில்ல "இது என் புக்கு, திருடுனா கண்ணு அவிஞ்சு போகும்"னு எழுதி கீழ தேதி போட்டிருந்துச்சு. வெல போடறவங்களுக்கு அது டேமேஜ்.

இத பத்தி பேசறப்ப ஏற்காட்டு நண்பர சொல்லாம இருக்க முடியாது. மேல ஒரு காப்பி எஸ்டேட்ல கணக்கு எழுதற ரைட்டரா இருந்து ரிட்டையர் ஆனவர், என்னவிட பத்து வயசு பெரியவர், நான் அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். ஏற்காட்டுல புக்கு வைக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல, மழ மாசத்துல மூடுபனி வீட்டுக்குள்ளயே வந்துரும், பெல்ட்டு, செருப்பு, தலகாணி எல்லாத்துலயும் பூஞ்சக்காளான் புடிக்கும். அவர் என்ன பண்ணியிருக்கார்னா மரபீரோவுக்குள்ள அடித்தட்டுல ஒரு நாப்பது வாட்ஸ் குண்டு பல்பு மாட்டி வச்சிருக்கார், புக்குலருந்து ஒரு ஜாண் தள்ளி, சுத்தி தகரத்துல தடுப்பு வேற. மழக்காலத்துல ராத்திரி பூரா எரியும். பீரோவத் தொறந்தா கோழிக்குஞ்சு பொறிக்கற பெட்டி மாதிரி இளஞ்சூடா இருக்கும், புக்க மோந்தா காப்பிக்கொட்ட வாசம். இப்ப குண்டு பல்பு கெடைக்கறதே கஷ்டமாப் போச்சு, எல்லாம் எல்இடி, அதுல அந்தளவுக்கு சூடு வராது. அதனால அண்ணன் இப்ப காமிக்ஸோட சேத்து குண்டு பல்பையும் சேகரிக்க ஆரம்பிச்சுட்டார். சேலத்துல எந்த எலக்ட்ரிக் கடைல பழைய ஸ்டாக்கு இருந்தாலும் எனக்கு ஃபோன் வரும்.

அவர எப்படி தெரியும்னா, என்கிட்ட ஒரு ஸ்பைடர் கத இருந்துச்சு, அதாங்க நம்ம கூர்மண்டையன், குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆகணும்னு கெளம்பி அப்பறம் நல்லவனான ஆளு. அதுல கடைசி ரெண்டு பக்கம் இல்ல. ஆறாவது படிக்கறப்ப பேப்பர் கடைல வாங்குனது, அப்பவே இல்ல. முப்பது வருசத்துக்கு மேல அந்தக் கத எனக்கு முடியவே இல்ல சார். ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு ஆகஸ்ட்ல போவோம், ஜங்ஷன்ல ரயில் ஏறுனா ஒரு மணி நேரம், அங்க லயன் முத்து வாசகர்கள் வருசாவருசம் கூடுவாங்க, அங்கதான் ஒருத்தர் சொன்னார், ஏற்காட்டுல இவர்கிட்ட முழுப் புக்கு இருக்குன்னு. ஃபோன் பண்ணேன். "புக்கு வீட்டுவாசல தாண்டாதுங்க தம்பி, நீங்க வேணா வாங்க"ன்னுட்டார்.

போனேன். அடிவாரத்துல பஸ் ஏறி, இருவது கொண்ட ஊசி வளைவும் எண்ணிக்கிட்டே, மடில என் புக்கு மஞ்சப்பையில. அவர் வீட்டுத் திண்ணைல உக்கார வச்சு, கைய கழுவச் சொல்லி, தொடைக்கத் துண்டு குடுத்து, அப்பறந்தான் புக்க குடுத்தார். நான் கடைசி ரெண்டு பக்கத்த மட்டும் திருப்பிப் படிச்சேன். சொன்னா நம்ப மாட்டீங்க, அதுல ஒண்ணுமே இல்ல. வில்லன் முன்னாடி பக்கத்துலயே செத்துட்டான். ஸ்பைடர் ரெண்டு வரி பீத்திக்கறான், அவனோட பறக்கற வண்டி ஹெலிகார்ல ஏறிப் போறான், முற்றும். முப்பது வருசமா நான் மனசுக்குள்ள எத்தன முடிவு கட்டி வச்சிருந்தேன் தெரியுமா, என் முடிவுல ஸ்பைடரே பாதாளத்துல மாட்டிக்குவான். அண்ணன் என் மொகத்தப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சார், அப்பறம் உள்ள போயி காப்பி கொண்டு வந்தார். ஃபோட்டோ எடுக்கட்டுமான்னு கேட்டேன், ஃபிளாஷ் படக்கூடாதுன்னார். சரின்னு ஒரு வெள்ளத்தாள் வாங்கி அங்கயே உக்காந்து பென்சில்ல அந்த ரெண்டு பக்கத்தையும் பாத்துப் பாத்து வரைஞ்சேன், மூணு மணி நேரம் ஆச்சு, கடைசி பஸ்ஸப் புடிக்க ஓடுனேன். அத என் புக்குல தச்சு வச்சிருக்கேன். ஸ்பைடரோட காது மட்டும் முயல் மாதிரி வந்துருச்சு.

இந்தப் புக்க ஒருத்தர் கேட்டார், மெட்ராஸ்காரர், வெலைக்கு வாங்கி வெலைக்கு விக்கறவர். நான் வரைஞ்ச தாள கிழிச்சுட்டு குடுத்தா இவ்வளவு, அதோட குடுத்தா பாதின்னார். ஃபோன வச்சுட்டேன். விக்கறது தப்புன்னு நான் சொல்ல வரல, பணமொட ஆளுக்கு ஆளு வரும், என் நண்பர் ஒருத்தர் மக கல்யாணத்துக்கு முழுசா வித்தார், அவர நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். ஆனா படிக்காமயே கண்ணாடிக் கவருக்குள்ள போட்டு ஒட்டி, ஃபோட்டோ எடுத்து குரூப்புல போட்டு, யார் அதிகம் கேக்கறான்னு பாக்கறது இருக்கு பாருங்க. ஒருத்தர்கிட்ட ஒரே புக்கு ஆறு காப்பி இருக்கு. அதுல என்ன கதண்ணேன்னு கேட்டேன், கௌபாய் டெக்ஸ் வில்லர் கதன்னு மட்டும் தெரியுது, உள்ள என்னன்னு தெரியல.

அதுவும் இப்ப எவ்வளவோ மறுபதிப்பு வந்துருச்சு. 2010ல இரத்தப் படலம்ங்கற தொடர்கதயோட பதினெட்டு பாகத்தையும் ஒரே புக்கா போட்டாங்க, எண்ணூறு பக்கத்துக்கு மேல, எரநூறு ரூவா, கைல புடிக்க முடியாது, செங்கல்லு. 2012 ஜனவரில லயன் திரும்ப எழுந்து கலர்ல, நல்ல தாள்ல வர ஆரம்பிச்சுது. ராணி ஐநூறு புக்கோட 2005ல நின்னுருச்சு, அது ஒரு வருத்தம். படிக்கணும்னு ஆசப்படற ஆளுக்கு பத்தாயிரம் தேவையே இல்ல சார், அத நீங்க ஒரு வரி எழுதியிருக்கலாம். உங்க தலைப்ப பாத்துட்டு, புதுசா படிக்கலாம்னு நெனைக்கற ஒரு காலேஜ் பையன் இது பணக்காரன் வெளையாட்டு போலன்னு ஒதுங்கிருவான்.

எங்க பட்டறைக்கு மேல மொட்டமாடில, மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாங்க கூடுவோம். எட்டுப் பேரு, சில மாசம் அஞ்சு. ஆளுக்கு அஞ்சு புக்கு கொண்டு வரணும், அங்கயே உக்காந்து படிக்கணும், போறப்ப அவங்கவங்க புக்க அவங்கவங்க எடுத்துட்டுப் போயிரணும். வெல பேசறவங்க அன்னிக்கு தட்டுவட செட்டுக்கு காசு குடுக்கணும், இதுதான் அபராதம். தட்டுவடைய படிச்சு முடிச்சப்பறந்தான் பிரிப்போம், சட்டினிக் கையோட புக்கு தொட்டா அண்ணன் கொன்னே போட்ருவார், மலைலருந்து எறங்கி வர்றாரே. போன மாசம் எங்க மெம்பர் ஒருத்தரோட பேத்தி வந்துச்சு, ஏழாவது படிக்குது, மொத அரமணி நேரம் ஃபோனுலதான் இருந்துச்சு. அப்பறம் யாரும் ஒண்ணும் சொல்லல, அதுவா ஒரு சட்டித்தலையன் ஆர்ச்சிய எடுத்துச்சு. "தாத்தா, இந்த ரோபோ ஏன் இவ்வளவு வாய் பேசுது?"ன்னு கேட்டுட்டு மறுபடி படிச்சுது. கெளம்பறப்ப மிச்சம் எட்டுப் பக்கம் இருக்கு, வீட்டுக்கு கொண்டு போகட்டுமான்னு கேட்டுச்சு. சட்டப்படி கூடாது. எல்லாரும் அண்ணன் மொகத்தப் பாத்தோம், ஏன்னா புக்கு அவரோடது, முப்பது வருசமா அடுத்தவங்க வீட்டுக்குப் போகாத புக்கு. அவர் ரொம்ப நேரம் கண்ணாடியத் தொடச்சார். அப்பறம், "கை கழுவிட்டு படிக்கணும், தெரிஞ்சுதா?"ன்னு மட்டும் சொன்னார்.

அதனால உங்ககிட்ட கேக்கறது ரெண்டே ரெண்டு. வேதாளர் படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்க, மூலைல சின்னதா போட்டாலும் போதும், எங்க குரூப்பு அமைதியாயிரும். அப்பறம் அந்தப் பத்தாயிரத்துக்கும் ஒரு திருத்தம், அது விக்கற வெல இல்ல, யாரோ கேட்ட வெலன்னு. இதக் கொஞ்சம் பெரிய எழுத்துலயே போடுங்க, எங்க பேப்பர் கடைக்காரருக்கு கண்ணாடி கெடையாது.

இப்படிக்கு,
மண்டையோட்டு மோதிரம் செஞ்சு அடி வாங்குனவன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

பின்குறிப்பு: இத எழுதி முடிச்சு கவர்ல போடறப்ப கடைக்காரர் ஃபோன் பண்ணார். "அண்ணா, பழைய கட்டு ஒண்ணு வந்திருக்கு, அம்மாபேட்டைல ஒரு வீட்ட இடிக்கறாங்க, உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன், மத்தவங்களுக்கு காட்டல"ன்னார். வண்டிய எடுத்துட்டு ஓடுனேன். பிரிச்சுப் பாத்தா பதினெட்டு வருசத்து பஞ்சாங்கம், வரிசையா, ஒண்ணு கூட வுட்டுப் போகல. "படம் இருக்கே அண்ணா"ன்றார்.